பதினெட்டாம் பெருக்கில் போயிருந்தால்

அத்தியாயம் 17

பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்து மூடி, "எல்லாம் ஆச்சு, இனி பிளேன் ஏற வேண்டியதுதான்" என்று காவேரி மூச்சு விட்ட நேரத்தில்தானே அந்த போன் வந்தது?

தர்மபுரியில் டிக்கெட் போடும் கடை வைத்திருக்கும் ஃபைசான் நிறையப் பேசவில்லை. "அக்கா, பயப்படாதீங்க. காலையில பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு கடை வரைக்கும் ஒருநடை வந்துட்டுப் போங்க" என்றான். பயப்படாதீங்க என்று ஒருவர் சொன்ன பிறகு பயப்படாமல் இருந்தவர்கள் யாராவது உண்டா? காவேரிக்கு அதற்கப்புறம் தூக்கம் எங்கே வந்தது!

நடுவில் படிக்க வந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன். காவேரியின் ஒரே மகள் சோபனா சிங்கப்பூரில் இருக்கிறாள். மாப்பிள்ளை நவநீதனுக்கு அங்கே கப்பல் பட்டறையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐந்தாம் மாதத்தில் சோபனாவுக்குக் கரு கலைந்துபோனது. மாப்பிள்ளை நைட் ஷிஃப்டில் இருந்ததால் அவளே டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். இப்போது மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். ரத்தக் கொதிப்பு இருப்பதால் பிளேன் ஏறவே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே நடக்க வேண்டும்? "பொண்ணு தாய்வூட்டுக்கு வர முடியலன்னா, தாய்வூடு பொறப்பட்டு பொண்ணுகிட்ட போவும்" என்று கடத்தூர் பக்கத்து சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டு, காவேரி பயணத்துக்குத் தயாரானாள். நாளை மறுநாள் ராத்திரி பெங்களூரில் பிளேன்.

காலையில் மாதவராஜ் வண்டியை எடுத்தார். பின்னால் உட்கார்ந்த காவேரி கைப்பையைத் திறந்து பார்த்தாள். பாஸ்போர்ட் இருந்தது. ஒரு கிலோமீட்டர் போனதும் மறுபடி திறந்து பார்த்தாள்.

"கால் மொளச்சு எறங்கியா போயிடும்? சும்மா உக்காரு. வண்டி ஆடுது" என்றார் மாதவராஜ்.

"எதுக்குங்க கூப்புட்டிருப்பான்?"

"பெட்டி வெயிட்டப் பத்தி இருக்கும். நீதான் பூண்டு ஊறுகாய அள்ளி அள்ளி வச்சியே."

"வெயிட்டெல்லாம் சரியா இருக்குது. மண்டியில தக்காளி போடற தராசுல ரெண்டு தடவ வச்சுப் பாத்தாச்சு."

மாதவராஜ் சிரித்தார். அவருக்கு எதற்கும் அவசரம் கிடையாது. போர்வெல் வற்றிய வருஷத்திலும் இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் காவேரிக்கு இன்றைக்கு எரிச்சலாக வந்தது.

இந்தப் பாஸ்போர்ட்டுக்கும் அந்தப் போர்வெல்லுக்கும் சம்பந்தம் உண்டு. பத்து வருஷம் ஆகப் போகிறது. மகளிர் குழுப் பெண்கள் எல்லாம் சேர்ந்து மலேசியா முருகன் கோயிலுக்குப் போகிறோம் என்று ஒரே நாளில் கூட்டமாகப் போய் பாஸ்போர்ட் எடுத்தார்கள். வந்து சேர்ந்த வருஷம் மழை பொய்த்தது. கோயிலும் இல்லை, குளமும் இல்லை. பாஸ்போர்ட் பீரோவுக்குள் போனது. கல்யாணப் பட்டுக்கு அடியில் அந்துருண்டை வாசத்தோடு தூங்கி, இந்த வருஷம்தான் எழுந்தது. உள்ளே ஒரு பக்கத்தில்கூட முத்திரை இல்லை.

கடையில் ஃபைசான் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். டீ சொல்லட்டுமா என்றான். வேண்டாம் என்று காவேரி நின்றுகொண்டே பாஸ்போர்ட்டை நீட்டினாள். அவன் கடைசிப் பக்கம் முதல் பக்கம் என்று புரட்டி, தேதியைப் பார்த்து, கம்ப்யூட்டரையும் பார்த்து, கண்ணை மூடித் திறந்தான்.

"என்னாப்பா? காலாவதி ஆயிடுச்சா?"

"இல்லக்கா. பிப்ரவரி அஞ்சு வரைக்கும் இருக்குது."

"அப்பாடா. இப்பதான ஆவணி பொறந்திருக்குது. நான் அக்டோபர்ல திரும்பிடுவன். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வரச்சொன்னியா?"

"அதில்லக்கா. சிங்கப்பூர்ல நீங்க எறங்கற நாள்ல இருந்து பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாசத்துக்கு உயிரோட இருக்கணும். அது அந்த நாட்டுச் சட்டம். நாளான்னிக்கி காலைல நீங்க எறங்கினா, அஞ்சரை மாசந்தான் வருது."

காவேரிக்கு அவன் சொன்னது காதில் விழுந்தது. புரியவில்லை. புரிய அவள் விரும்பவில்லை என்று சொன்னால் சரியாக இருக்கும்.

மாதவராஜ் குறுக்கே வந்தார். "தம்பி, என் டிராக்டர் லைசென்ஸு கடைசி நாள் வரைக்கும் ஓடுதே. யாரு கேட்டா?"

"நம்ம ஊருக்குள்ள சரிங்கண்ணா. அடுத்தவன் நாட்டுக்குப் போறமே. போனவங்க ஏதோ ஒரு காரணத்தால அங்கயே தங்கறாப்புல ஆயி, நடுவுல பாஸ்போர்ட் முடிஞ்சுபோச்சுன்னா அவங்களுக்குத்தான் தலவலி. அதனால முன்கூட்டியே கேக்கறாங்க. நெறைய நாட்டுல இதே கததான்."

"விசா குடுத்தானே! அவனுக்குக் கண்ணு தெரியலயா?" என்றாள் காவேரி.

"விசா வாங்குனது ஜூன்லக்கா. ஜூலைல போறதா சொல்லித்தான் வாங்குனம். அப்ப பாஸ்போர்ட்டு ஆறு மாசத்துக்கு மேல தாராளமா இருந்துச்சு. அப்பறம் நீங்க நாள தள்ளச் சொன்னீங்க. நான் டிக்கெட்டப் பாத்தன், விசாவப் பாத்தன். பாஸ்போர்ட்டு தேதிய மறுபடி பாக்கல. நேத்து பேரெல்லாம் ஏத்தும்போதுதான் கண்ணுல பட்டுது. என் தப்புதாங்க. இல்லேன்னு சொல்லல."

அவன் தப்பை ஒத்துக்கொண்டது காவேரிக்குக் கொஞ்சமும் உதவவில்லை. சண்டை போடுவதற்காவது ஓர் ஆள் வேண்டாமா? ஏனென்றால் நாளைத் தள்ளச் சொன்னது யார் என்று அந்தக் கடையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

முதலில் போட்ட டிக்கெட் ஜூலைக் கடைசியில் இருந்தது. ஆடி மாதம். காலண்டரைப் பார்த்த காவேரி பதறிவிட்டாள். "பேரப்புள்ளயப் பாக்கப் போற மொதப் பயணம். ஆடியில வாசப்படி தாண்டறதா? முடியவே முடியாது. ஆவணியில நல்ல நாளாப் பாத்துப் போடுங்க." மாதவராஜ் வழக்கம்போலத் தலையாட்டினார். ஃபைசான் மாற்றிக் கொடுத்தான்.

"ஒருவேள..." ஃபைசான் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினான்.

"சொல்லு."

"பெருக்கன்னிக்கி ஒரு டிக்கெட் இருந்துதுக்கா. அன்னிக்கே உங்ககிட்ட கேட்டன். அதுல போயிருந்தா ரெண்டு நாள் மிச்சத்துல தப்பிச்சிருப்பம்."

பதினெட்டாம் பெருக்கு! காவேரிக்குக் காது அடைத்தது. இதே வார்த்தையை இன்னொருத்தி அவளிடம் சொல்லியிருக்கிறாள். அந்த நினைப்பை அப்போதைக்கு ஒதுக்கித் தள்ளினாள்.

"நான் ஏர்போர்ட்டுக்குப் போறன் தம்பி. நேர்ல நின்னு கேக்கறன். பொண்ணு மாசமா இருக்கறான்னு சொன்னா எரக்கப்படாத மனுசங்களும் இருப்பாங்களா?"

"எரக்கப்படுவாங்கக்கா. ஏத்தமாட்டாங்க. ஏத்திட்டு, அங்க திருப்பி அனுப்பிட்டா அந்தப் பொறுப்பு பிளேன் கம்பெனி தலைல விழும். பெங்களூர் வரைக்கும் போயி அழுதுகிட்டு திரும்பணும். அதுக்குத்தான் இன்னிக்கே கூப்புட்டன்."

"வேற வழி?"

ஃபைசான் விவரமாகச் சொன்னான். சென்னையில் தட்கலில் விண்ணப்பித்தால் புதுப் பாஸ்போர்ட் சில நாளில் கைக்கு வந்துவிடும். அங்கே பாஸ்போர்ட் ஆபீஸில் நாளை மத்தியானத்துக்கே ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஆனால் விசா பழைய பாஸ்போர்ட் நம்பரில் இருக்கிறது. புது நம்பர் வந்ததும் மறுபடி விசா போட வேண்டும். எல்லாம் தடங்கல் இல்லாமல் நடந்தால் பத்துப் பன்னிரண்டு நாள்.

"அப்படின்னா ஒண்ணும் குடிமுழுகிப் போவல" என்றார் மாதவராஜ். "பிரசவத்துக்கு செப்டம்பர் பாதிக்கு மேல தான சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள போயிடலாம்."

காவேரி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு சீரானது. "சரி தம்பி, நாளைக்கு அந்த எடத்தப் போடு" என்றாள். அந்த நிம்மதி ஒரு கிளாஸ் டீ குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை.

மாப்பிள்ளையின் போன். நவநீதன் நல்ல பையன்தான். ஆனால் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வெதர் எப்படி இருக்குது, மழை பெய்யுதா என்று ஆரம்பிக்கும் ரகம். "அத்தை, மழையெல்லாம் பெய்யுதுங்களா?" என்றதுமே காவேரி எழுந்து நின்றுவிட்டாள்.

"சோபனாவுக்கு என்னா மாப்ள?"

"ஒண்ணும் இல்லீங்கத்த. காலைல செக்கப்புக்குப் போனம். பிரஷர் எறங்கல. இனிமே தள்ள வேணாம், திங்கக்கெழம ஆப்பரேஷன் பண்ணி எடுத்துரலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நீங்கதான் சனிக்கெழமையே வந்துருவீங்களேன்னு அவ தைரியமா இருக்கா. பேசறீங்களா?"

பின்னால் சோபனாவின் குரல் கேட்டது. "அம்மாகிட்ட சொல்லுங்க, ஊறுகாய எடுத்து வெளிய வச்சுராதீங்கன்னு."

"இங்க கரண்டு போயிடுச்சு மாப்ள, சரியாக் கேக்கல. அப்பறம் கூப்புடறன்." காவேரி போனை அணைத்தாள். கரண்டுக்கும் செல்போனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமையே ஆப்பரேஷனாம் என்று மற்ற இரண்டு பேரிடமும் சொன்னாள். ஃபைசான்தான் முதலில் வாயைத் திறந்தான். அவன் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. தொழில் புத்தியில் வந்துவிட்டது.

"மொரப்பூர் சம்பந்தியம்மாவுக்குப் போன வருசம் நான்தான டிக்கெட் போட்டன். அவங்க பாஸ்போர்ட்டு இன்னும் ஏழெட்டு வருசம் ஓடும். போய்ப் போய் வர்றாப்புல விசாவும் இருக்குது. அவங்கன்னா நாளைக்கே ஏறிரலாம்."

மாதவராஜ் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சுவரில் இருந்த விமானப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

காவேரி விடுவிடுவென்று வெளியே நடந்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாள். திரும்பி வந்தாள். ஒரு பூக்கடை முன்னால் நின்று, எதற்கு நின்றோம் என்று தெரியாமல் சாமந்தி விலை கேட்டாள். வீட்டுத் தோட்டத்தில் சாமந்தி மூட்டை மூட்டையாய்ப் பூத்துக் கிடக்கிறது!

சம்பந்தியம்மா சுகுணா, நவநீதனின் அம்மா. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மொரப்பூரில் தனியாக இருக்கிறார். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுவார். அந்த ஒன்று போதும்.

ஆனி மாதம் சொந்தத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு. மண்டபத்தில் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. "ஜூலைல போறல்ல?" என்று சுகுணா கேட்டார். ஆவணிக்குத் தள்ளியதைக் காவேரி சொன்னாள். "ஆடியாவது ஆவணியாவது. வயித்துல இருக்கற புள்ளைக்கு மாசம் தெரியுமா? சரி, பதினெட்டாம் பெருக்கு நல்ல நாளுதான, அன்னிக்காவது போய்ச் சேரு" என்றார் சுகுணா. எதிர்ப்பந்தியிலிருந்து நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். காவேரிக்குச் சுருக்கென்றது. "எங்க வூட்டு வழக்கம் எங்களுக்குத் தெரியுங்கண்ணி. பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கறன். மத்தவங்க கவலப்பட வேணாம்" என்று சொல்லிவிட்டு, பாயசம் வருமுன் இலையை மடித்தாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

அந்த வீட்டு வாசலுக்குப் போய் என்னவென்று நிற்பது?

மாதவராஜ் வண்டியை உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். "நான் வேணும்னா போன் பண்ணி அந்தம்மாகிட்ட சொல்லறன். நீ பேச வேணாம்."

"ஒண்ணும் வேணாம். எம்பொண்ணுக்கு நான் இருக்கறன்."

"நீ இங்க இருக்கற காவேரி. அவ அங்க இருக்கறா."

இருபத்தெட்டு வருஷத்தில் மாதவராஜ் இப்படி நறுக்கென்று பேசியது இரண்டாவதோ மூன்றாவதோ தடவை. காவேரிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது. கணவர் மேலா, ஃபைசான் மேலா, சிங்கப்பூர்க்காரன் மேலா? எல்லார் மேலும் கோபப்பட்டுப் பார்த்தாள். கடைசியில் அது சுற்றிச் சுற்றி அவளிடமே வந்து நின்றது. தன் மகள் நல்லபடியாக இருக்க வேண்டுமென்று பார்த்த நாளே மகளிடம் போகவிடாமல் பண்ணிவிட்டதே! அந்த டாக்ஸியில் சோபனா தனியாகப் போன காட்சியை அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் இரண்டு வருஷமாக அது கண்ணை விட்டுப் போகவே இல்லை. "இந்தத் தடவ நான் தனியா இருக்கமாட்டம்மா" என்று சோபனா போன வாரம்கூடச் சொன்னாள்.

"வண்டிய எடுங்க" என்றாள்.

"எங்க?"

"மொரப்பூருக்கு. போன்ல கேக்கற காரியமா இது?"

மொரப்பூரில் இறங்கியதும் மாதவராஜ் உள்ளே வரவில்லை. பெட்டியை எடுத்துவர வேண்டும், சென்னைக்கு வேண்டிய ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் எடுக்க வேண்டும் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு கடத்தூருக்குப் பறந்தார். பெண்கள் சண்டையில் தப்பிக்க அவருக்கு நல்ல காரணம் கிடைத்தது.

சுகுணா கதவைத் திறந்தார். கையில் முறம். அரிசி புடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். காவேரியைப் பார்த்ததும் புருவம் ஏறி இறங்கியது.

"வாங்க" என்றார். பழகிய வாயில் 'வா காவேரி' என்று வராமல் 'வாங்க' வந்தது. காவேரி அதைக் கவனிக்காமல் இல்லை.

தண்ணீர் வந்தது. குடித்தாள். மின்விசிறி சுழன்றது. சுவரில் நவநீதன் சோபனா கல்யாணப் படம்.

"நாளைக்குப் பயணம்னு சொன்னான் நவநீதன்" என்றார் சுகுணா. "சொல்லிட்டுப் போவ வந்தீங்களா?"

காவேரி பாஸ்போர்ட்டை எடுத்து மேசை மேல் வைத்தாள். பஸ்ஸில் சில்லறை கொடுக்கிற அவசரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஆறு மாதம், பிப்ரவரி, தட்கல், திங்கட்கிழமை ஆப்பரேஷன். நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று பயந்து நிறுத்தவேயில்லை.

சுகுணா கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் முறத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"பெருக்கன்னிக்கிப் போயிருந்தா?"

"போயிருக்கலாங்கண்ணி."

"சொன்னன்."

"சொன்னீங்க. நாந்தான் கேக்கல. பந்தியில வச்சு உங்கள அப்படிப் பேசுனதும் தப்புதான்." காவேரி எழுந்து நின்றாள். உட்கார்ந்து கேட்க முடியவில்லை. "நான் வர்ற வரைக்கும் நீங்க போயி அவ பக்கத்துல இருங்கண்ணி. அவ தனியா இருக்கக் கூடாது. உங்க கால்ல வேணும்னாலும்..."

"அடச்சீ, உக்காரு." சுகுணாவுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் 'நீ' திரும்பி வந்துவிட்டது. "கால்லயாம் கையிலயாம். பொறக்கப்போறது எம்பேரப்புள்ளயும்தான? நீ வந்து நிக்கணும்னு இல்ல காவேரி. அவன் ஒரு போன் பண்ணியிருந்தாலே நான் பொறப்பட்டிருப்பன்."

காவேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவள் நினைக்கவில்லை. உடனே ஃபைசானுக்கு போன் போட்டாள். "சீட்டு இருக்குதான்னு பாரு தம்பி. சம்பந்தியம்மா போறாங்க."

"பாத்துட்டுக் கூப்புடறங்க்கா."

சுகுணா அலமாரியிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்து வந்தார். ஆனால் காவேரியிடம் நீட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும். நான் வர்றன்னு சோபனாகிட்ட நீயே சொல்லிடு. கதவத் தெறந்து அம்மான்னு பாத்தவ முன்னால நான் போயி நிக்கமாட்டன்."

நியாயந்தான் என்று காவேரிக்குப் பட்டது. வீடியோ போட்டாள். சோபனா கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. சிரித்தாள்.

"கரண்டு வந்துடுச்சா? நாளைக்கு இந்நேரம் நீ பெங்களூர் ரோட்டுல இருப்ப. எனக்கு இப்பவே தூக்கம் வரலம்மா."

காவேரி சொன்னாள். வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று நாலு விதமாக யோசித்து வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பாஸ்போர்ட்டு ஆறு மாதம் இல்லையாம், என்னை விடமாட்டார்களாம், அத்தை வருகிறார்கள், நான் பத்து நாளில் வந்துவிடுவேன். அவ்வளவுதான்.

சோபனாவின் சிரிப்பு மெதுவாகப் போனது. அழுவாள் என்று காவேரி நினைத்தாள். அழவில்லை.

"அத்தை பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா."

"குடு."

காவேரி போனை நீட்டினாள். சுகுணா வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார். ஸ்பீக்கரில் சோபனாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"அத்தை, வாங்க. நீங்க வர்றதுல எனக்கு சந்தோசந்தான். ஆனா போன தடவ ஆஸ்பத்திரில இருந்து நான் போன் பண்ணப்ப, தங்காத வயிறுன்னு சொன்னீங்களே. அந்த வார்த்தைய மட்டும் இந்தத் தடவ சொல்லிடாதீங்கத்த. என்னால தாங்க முடியாது."

சுகுணா போனைக் காவேரியிடமே திருப்பி நீட்டினார். அதற்குள் அந்தப் பக்கம் இணைப்பு அறுந்துவிட்டது. சோபனாவே வைத்துவிட்டாளா, தானாகப் போனதா, தெரியவில்லை.

காவேரி அப்படியே நின்றாள். இரண்டு வருஷம்! மகள் ஒரு நாள்கூட இதை அவளிடம் சொன்னதில்லை. 'அத்தை எப்படிடி பேசறாங்க' என்று கேட்கும்போதெல்லாம் 'நல்லாத்தான்மா பேசறாங்க' என்றுதான் சொல்வாள். ரத்தம் கொட்டிப்போய், ஆள் தெரியாத ஊரில் கட்டிலில் படுத்திருந்த தன் பெண்ணைப் பார்த்து இந்தப் பொம்பளை இப்படிச் சொன்னாளா? இவளிடமா நான் வந்து கெஞ்சினேன்? இவளையா அனுப்பப் பார்த்தேன்?

"அப்பிடியா சொன்னீங்க?"

சுகுணா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "சொன்னன்" என்றார். "அவ அழுதா. எனக்கும் அழுவதான் வந்துது. என்னா சொல்லறதுன்னு தெரியாம வாயில வந்தது அது. அவ மறந்திருப்பான்னு நெனச்சன்."

மேசை மேல் இரண்டு பாஸ்போர்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒன்று காவேரியுடையது, இன்னொன்று இப்போது சுகுணா கைநழுவ விட்டது.

போன் அடித்தது. ஃபைசான்.

"அக்கா, நாளைக்கு ராத்திரி ஒரே ஒரு சீட்டுதான் காட்டுது. இன்னும் ரெண்டு பேரு பாத்துக்கிட்டு இருக்காங்கபோல, வெல ஏறிக்கிட்டே போவுது. சம்பந்தியம்மா பேருக்குப் போட்டுடவா?"

காவேரி போனைக் காதிலிருந்து இறக்கி சுகுணாவைப் பார்த்தாள்.

"அக்கா? கேக்குதுங்களா?"

சுகுணா நிமிர்ந்து பார்த்தார். "வேணாம்னா வேணாம்னு சொல்லிடு காவேரி. நான் ஒண்ணும் நெனச்சுக்கமாட்டன்."

வேண்டாம் என்று சொல்ல வாய் துடித்தது. பந்தியில் இலையை மடித்த மாதிரி இப்போதும் எழுந்து போய்விடலாம். போனால் மனசுக்கு நன்றாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை காலையில், மாப்பிள்ளை வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்க, சோபனா உள்ளே போகும்போது பிடித்துக்கொள்ள ஒரு பொம்பளைக் கை இருக்காது. தன் மனசு நன்றாக இருப்பதற்காக ஒரு தடவை நாள் பார்த்ததே போதும் என்று காவேரிக்குத் தோன்றியது.

"போடு தம்பி" என்றாள். "சுகுணான்னு அவங்க பாஸ்போர்ட்டுல இருக்கறாப்புலயே போடு."

அதற்கப்புறம் இரண்டு பேரும் தேவைக்கு மேல் பேசவில்லை. மாதவராஜ் பெட்டியோடு வந்து சேர்ந்தார். இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு, ஸ்டேஷனில் சென்னை டிக்கெட் எடுக்கிறேன் என்று உடனே கிளம்பினார். காவேரி தரையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினாள். இது பிரசவ லேகியம், மூன்றாம் நாளிலிருந்து. இது பூண்டு ஊறுகாய், அவள் கேட்டது. இது பழைய வேட்டித் துணி, நாலு தடவை துவைத்தது, குழந்தைக்கு. சுகுணா ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார்.

அடியில் ஒரு சின்னப் பொட்டலம். வசம்பு வளையல், குழந்தையின் கையில் கட்டுவதற்குக் காவேரியே கோத்தது. அதை மட்டும் எடுத்துத் தன் கைப்பையில், பழைய பாஸ்போர்ட்டின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"இத நான் வந்து கட்டறன்" என்றாள்.

"வா" என்றார் சுகுணா. "சீக்கிரம் வா."

வாசல் வரைக்கும் வந்த காவேரி திரும்பினாள். ரயிலுக்கு நேரமாகிறது என்று தெருமுனையில் மாதவராஜ் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, எம்பொண்ணுகிட்ட மொதல்ல அந்த வார்த்தைக்கு ஒரு பதில் சொல்லுங்க. சொல்லிட்டு அப்பறம் புள்ளயக் கையில வாங்குங்க. நான் உங்ககிட்ட கேக்கறது அது ஒண்ணுதான்."

சுகுணா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தையில் எல்லாரையும் வாயடைக்க வைக்கிற சுகுணாவுக்கு, சரி என்ற அந்த ஒரு வார்த்தை வரவில்லை. முடியாது என்றும் அவர் சொல்லவில்லை. காவேரி பதிலுக்குக் காத்திருந்து பார்த்தாள். பிறகு நடந்தாள். ரயில் மொரப்பூரை விட்டு நகர்ந்த பிறகும் கைப்பைக்குள் வசம்பு வளையலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.